மே மாச வாலிபர் கேம்ப்புக்கு வெளியூர்ல இருந்து கவுன்சிலரா போறீங்களா? செட்டிநாட்டுப் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், பொன்னமராவதி இந்தச் சுத்துல மே மாசம் பொறந்தா விபிஎஸ் (சபைல பிள்ளைங்களுக்கு நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி), வாலிபர் முகாம்னு ஏதாவது ஒண்ணு நடந்துக்கிட்டேதான் இருக்கும். நான் மொதல்ல கவுன்சிலரா, அதாவது கேம்ப்ல பிள்ளைங்களைப் பாத்துக்கிட்டு ஆலோசனை சொல்ற அண்ணனா, ஊர் ஊரா போயிட்டு இருந்தேன், இப்போ வெளியூர்ல இருந்து வர்ற கவுன்சிலர்களை பஸ் ஸ்டாண்டுல போய் கூட்டிட்டு வர்ற வேலையும் சேந்துருச்சு, அதுனால எங்க எங்க தடுக்கி விழுறாங்கன்னு ரெண்டு பக்கமும் பாத்தாச்சு. பாட்டு நல்லா பாடுவாங்க, ஆக்‌ஷன் சாங் பிரமாதமா எடுப்பாங்க, வசனம் மடமடன்னு வரும். ஆனா ஒரு பையன் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கிட்ட வந்து "அண்ணே, ஒண்ணு சொல்லணும்"னு இழுத்தான்னா கை கால் ஓடாது.

ஒண்ண மட்டும் மொதல்லயே மனசுல போட்டுக்கங்க. நீங்க கேம்ப் முடிஞ்சு பஸ் ஏறிடுவீங்க, அந்தப் பிள்ளை அதே தெருவுல அதே வீட்டுலதான் இருக்கும். கீழ இருக்க வரிசை பூரா அதை வச்சுப் போட்டதுதான், அதுனாலதான் கடைசில தேவைப்படுற ஆளை மொதல்லயே தேடச் சொல்றேன்.

1. "வர்றேன்"னு சொல்றதுக்கு முன்னாடி உள்ளூர் ஆள் யாருன்னு கேளுங்க

ஐயரோ (சிஎஸ்ஐ பக்கம் சபை போதகரை அப்படித்தான் சொல்லுவாங்க) பாஸ்டரோ ஃபாதரோ போன் பண்ணி "தம்பி நீங்க வந்துருங்க"ன்னு கூப்பிடுவாங்க, நம்மளும் சந்தோஷத்துல ஊழியம்தானேன்னு உடனே சரின்னு சொல்லிடுவோம். சொல்லாதீங்க. மொதல்ல இதைக் கேளுங்க: "கேம்ப் முடிஞ்சு இந்தப் பிள்ளைகளை யார் பாத்துக்குவாங்க?" சபையில ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, ரெண்டு பேராவது வேணும். சண்டே ஸ்கூல் டீச்சரா இருக்கலாம், ஆர்சி (ரோமன் கத்தோலிக்க) பக்கம்னா வேதம் சொல்லிக் கொடுக்குற உபதேசியார், சிஸ்டர் யாராவது இருக்கலாம், சர்ச்சைப் பாத்துக்குற கோயில்பிள்ளையோட சம்சாரமா கூட இருக்கலாம், படிப்பு முக்கியமில்ல. அந்த ஊர்லயே குடியிருக்கணும், பிள்ளைங்க அவங்க வீட்டுக்கு நடந்து போற தூரத்துல இருக்கணும், வாய அடக்கத் தெரியணும்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி"ன்னு பதில் வந்தா யாரும் இல்லைன்னு அர்த்தம். அப்போ பாட்டுக்கும் விளையாட்டுக்கும் போங்க, தப்பில்ல, தனி ஆலோசனைன்னு புரோகிராம்ல போடாதீங்கன்னு சொல்லிடுங்க. நான் அப்படி ரெண்டு தடவை சொல்லியிருக்கேன், ஒருத்தர் கோச்சுக்கிட்டாரு, ஒருத்தர் மறுநாளே ஒரு டீச்சரம்மாவை பேச வச்சாரு.

அதே போன்லயே கேக்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கு. எத்தனை பிள்ளைங்க, என்ன வயசு, தங்குற கேம்ப்பா இல்ல காலைல வந்து மத்தியானம் போறதா, பொம்பளப் பிள்ளைங்க வர்றாங்கன்னா பொம்பள கவுன்சிலர் எத்தனை பேர். 10 பிள்ளைக்கு ஒருத்தர்ங்கிறது தாங்கும், 25 பேரை ஒருத்தர் தலைல கட்டுனா நீங்க கவுன்சிலர் இல்ல, வாட்ச்மேன். யாத்திராகமம் 18ல மோசேக்கு அவங்க மாமனார் சொன்ன யோசனையும் ஏறக்குறைய இதுதான், ஒருத்தனா எல்லாத்தையும் தூக்காத, பத்துப் பேருக்கு ஒரு தலைவன் வைன்னு.

பஸ் காசையும் அப்பவே பேசிடுங்க. கடைசி நாள் கவர்ல காணிக்கை வரும் வரும்னு பாத்துக்கிட்டு இருந்து, வராம போய், திரும்ப வர டிக்கெட்டுக்கு கோயில்பிள்ளைகிட்ட கடன் வாங்கின ஆள் எனக்குத் தெரியும். வேற யாரும் இல்ல, நான்தான்.

2. தேதியைப் பாருங்க

மே மாசம்னா சும்மா இல்ல. மே 4 வாக்குல கத்திரி ஆரம்பிச்சு 28 வரைக்கும் போகும். பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரிசல்ட் ரெண்டும் சமீப வருஷங்கள்ல மே மாசத்துலதான் வருது, 2024ல மே 6ம் 10ம், 2025ல மே 8ம் 16ம். கேம்ப் நடுவுல ரிசல்ட் விழுந்தா என்ன ஆகும்னு தனியா கீழ சொல்றேன், இப்போதைக்கு தேதி வைக்கிறவங்ககிட்ட இதைக் கேட்டு வச்சுக்கங்க.

இன்னொன்னு, மே மாசத்துல காரைக்குடி கொப்புடையம்மன் கோயில் திருவிழா, முகூர்த்த நாள், பிள்ளையார்பட்டி குன்றக்குடி கூட்டம்னு பஸ்ஸுல நிக்க இடம் இருக்காது. ஊர்வலம் வர்ற தெருவுல சபை இருந்தா அன்னிக்கு சாயங்காலம் மைக்கை நிப்பாட்டி வைங்க. ராத்திரி 10 மணிக்கு மேல வெளில ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கிறது சட்டமே, ஆனா அதுக்கு முன்னாடி மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. அடுத்த வருஷமும் அதே தெருவுலதான் கேம்ப் நடக்கணும்.

3. சம்மதக் கடிதம் இல்லாம ஒரு பிள்ளையும் வேண்டாம்

ஒரு பக்கப் பேப்பர் போதும். பிள்ளை பேரு, வயசு, அப்பா அம்மா நம்பர், அவசரத்துக்கு கூப்பிட இன்னொரு ஆள் நம்பர், ஆஸ்துமா வலிப்பு அலர்ஜி ஏதாவது இருக்கா, என்ன மாத்திரை சாப்பிடுது, நீச்சல் தெரியுமா, கேம்ப்ல ஜெபமும் வேதபாடமும் இருக்கும்னு தெளிவா ஒரு வரி, கீழ கையெழுத்து.

அந்த ஒரு வரி ஏன்னா, நம்ம பக்கம் கேம்ப்புக்கு பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களும் கூடவே வந்துரும். கிறிஸ்தவங்க இல்லாத வீட்டுப் பிள்ளைன்னா அவங்க வீட்டுக்கு உள்ளூர் ஆள் நேர்ல போய் என்ன நடக்கும்னு மறைக்காம சொல்லி கையெழுத்து வாங்கணும். "சும்மா விளையாட்டு, கைவேலை"ன்னு சொல்லி கூட்டிட்டு வர்றது பொய். பொய் சொல்லி கூட்டி வந்த பிள்ளைகிட்ட எந்த வாயால வேதபாடம் எடுக்குறது? அப்புறம் ஊருக்குள்ள சண்டை வந்தா மாட்டுறது அங்க குடியிருக்க சபைக்காரங்க, நீங்க இல்ல.

அப்பா சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு இருப்பாரு, இந்தப் பக்கம் இது சாதாரணம். கையெழுத்து அம்மாவோ அப்பத்தாவோ போடுவாங்க. ராத்திரி பிள்ளை யார்கூட தூங்குது, வீட்டுல யார் பேச்சு எடுபடும்னு உள்ளூர் ஆள்கிட்ட கேட்டு வச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

4. பயணமும் பையும்

மதுரைல இருந்தும் திருச்சில இருந்தும் காரைக்குடி கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி இருக்கு. சென்னைல இருந்து வர்றவங்க பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலைப் புடிச்சா காரைக்குடி வந்து சேர ராத்திரி ஆகிடும், அதுக்கு மேல கிராமத்துக்கு டவுன் பஸ் கிடைக்காது, அதுனால அன்னிக்கு காரைக்குடிலயே படுத்துட்டு காலைல மொத பஸ் புடிங்க. ரயில் ரிசர்வேஷன் இப்போ 60 நாளைக்கு முன்னாடிதான் திறக்குது, லீவு சீசன்ல அன்னிக்கே போட்டாத்தான் உண்டு. போற டிக்கெட் போடும்போதே திரும்ப டிக்கெட்டையும் போடுங்க, ஆனா கேம்ப் முடியிற அதே சாயங்காலத்துக்குப் போடாதீங்க, மறுநாளைக்குப் போடுங்க. ஏன்னு 11வது ஸ்டெப்ல தெரியும்.

பையில: ரெண்டு போர்வை, துண்டு, டார்ச், கொசுவத்தி, ஓஆர்எஸ் பாக்கெட் ஒரு பத்து, தண்ணி பாட்டில், தொப்பி, விசில், பவர் பேங்க், ஆதார் நகல் ஒண்ணு, உங்க சொந்த மாத்திரை, ஒரு சின்ன நோட்டு. தூங்கும்போது போடுறதுக்கு டிராக் பேண்ட் எடுத்துக்கங்க. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பனியனோட பிள்ளைங்க நடுவுல பல்லு விளக்கிட்டு நிக்கிற அண்ணன்மாரை வருஷா வருஷம் பாக்குறேன், பொம்பளப் பிள்ளைங்க இருக்க இடத்துல அது நல்லா இல்ல, யாரும் உங்ககிட்ட நேரா சொல்லவும் மாட்டாங்க.

5. ஒரு நாள் முன்னாடியே போய் இடத்தை நடந்து பாருங்க

கேம்ப் பெரும்பாலும் சபை காம்பவுண்ட்லயோ ஸ்கூல்லயோ நடக்கும், சில நேரம் பழைய செட்டியார் வீட்டை வாடகைக்கு எடுப்பாங்க. பழைய வீடு வெயிலுக்கு நல்லது, உயரமான கூரை, நடு முற்றம், உள்ள நொழைஞ்சாலே குளுகுளுன்னு இருக்கும். ஆனா ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரை ஈரம் பட்டா வழுக்கும், குளிச்சுட்டு ஓடி வர்ற பசங்க மடேர்னு விழுவாங்க, அதுனால குளிக்கிற இடத்துல இருந்து படுக்கிற இடம் வரைக்கும் சாக்கு போட்டு வைங்க. தகர ஷீட் போட்ட கிளாஸ்ரூம்னா மத்தியானம் அதுல யாரையும் உக்கார வைக்காதீங்க.

நடக்கும்போது பாக்க வேண்டியது: கிணத்துக்கு மூடி இருக்கா, ஊரணி கண்மாய் எவ்வளவு தூரம், கக்கூஸ் எத்தனை, பொம்பளப் பிள்ளைங்க கக்கூஸுக்குப் போற வழில லைட் இருக்கா, உள்ள தாழ்ப்பாள் இருக்கா. தாழ்ப்பாள் சின்ன விஷயம்னு நினைப்பீங்க. தாழ்ப்பாள் இல்லாததுனால மூணு நாள் தண்ணியே குடிக்காம இருந்து மயங்கி விழுந்த பிள்ளையை நான் தூக்கிட்டு போயிருக்கேன்.

ஊரணில குளிக்க விடாதீங்க, கையெழுத்துப் பேப்பர்ல நீச்சல் தெரியும்னு எழுதியிருந்தாலும் விடாதீங்க. கோடைல தண்ணி கம்மியா தெரியும், மண்ணு அள்ளின குழி எங்க இருக்குன்னு வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போறதுன்னு கேட்டு, ஒரு ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி, 108 நம்பரோட சேத்து சுவத்துல பெருசா எழுதி ஒட்டுங்க. பாம்பு கடிச்சா கயிறு கட்டுறது, கீறி விடுறது, வாய வச்சு உறிஞ்சுறது எதுவும் வேண்டாம், அசையாம படுக்க வச்சு நேரா அரசு ஆஸ்பத்திரி, மருந்து அங்கதான் இருக்கும்.

சமையல் மாஸ்டரைப் பாத்து ஒரு வணக்கம் போட்டுருங்க. எந்தப் பிள்ளை சாப்பிடலைங்கிறது உங்களுக்கு முன்னாடி அவருக்குத்தான் தெரியும்.

6. மொத சாயங்காலம்: கேக்கக்கூடாத கேள்வி

பத்துப் பிள்ளைங்க உங்க குரூப்புக்கு வந்து உக்காந்தாச்சு. புதுசா வர்றவங்க மொதல்ல கேக்குறது என்ன தெரியுமா, "உனக்கு எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு மகன்?" நீங்க பாசமாதான் கேக்குறீங்க. ஆனா இங்க அந்த மூணு கேள்விக்கும் பதில் சொன்னா என்ன ஜாதின்னு சுத்தி இருக்க எல்லாருக்கும் தெரிஞ்சுரும், எட்டாங்கிளாஸ் பையனுக்கே அது தெரியும். அந்த நிமிஷமே ரெண்டு பேர் தள்ளி உக்காந்துருவாங்க, கேம்ப் முடியிற வரைக்கும் அந்த இடைவெளி மூடாது. சபைக்குள்ள அதெல்லாம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டு வராதீங்க.

அதுக்குப் பதிலா பேரு, எத்தனாவது, புடிச்ச சாப்பாடு, ராத்திரி எத்தனை மணிக்கு தூக்கம் வரும், இதைக் கேளுங்க. குழிப்பணியாரத்துக்கு காரச்சட்னியா தேங்காச்சட்னியான்னு ஒரு சண்டைய கெளப்பி விட்டா அரை மணி நேரம் ஓடிரும், எல்லாரும் வாய் திறந்துருவாங்க. சாப்பிடுற வரிசைல, படுக்குற இடத்துல தெருவாரியா கூட்டம் சேருதான்னு கண்ணால பாத்து, ஒண்ணும் சொல்லாம மொத நாளே சீட்டு போட்டு பாய் இடத்தை மாத்தி விட்டுருங்க.

ஆர்சி, சிஎஸ்ஐ, டிஇஎல்சி (லுத்தரன் சபை), பெந்தெகொஸ்தேன்னு வேற வேற சபைப் பிள்ளைங்க கலந்து வருவாங்க. ஒருத்தன் செபமாலை போட்டிருப்பான், ஒருத்தி கம்மல் போடாம இருப்பா. உங்க சபை வழக்கத்தை வச்சு அதைப் பத்தி ஒரு வார்த்தை விட்டுராதீங்க. ஒரு கேம்ப்ல வந்த அண்ணன் மாதாவைப் பத்தி ஏதோ சொல்லிவிட, சாயங்காலமே நாலு பிள்ளைங்க வீட்டுக்குப் போயிருச்சு, அதுல ஒரு பிள்ளை அன்னிக்கு ராத்திரி என் மனைவிகிட்ட பேசணும்னு கேட்டு வச்சிருந்தது. என்ன பேச இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

7. வெயில்

விளையாட்டு காலைல 9 மணிக்குள்ள, அப்புறம் சாயங்காலம் 5க்கு மேல. நடுவுல வெளில ஒண்ணும் கிடையாது. மணிக்கு ஒரு தடவை விசிலடிச்சு எல்லாரும் உங்க கண்ணு முன்னாடி ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும், "தாகமா இருந்தா குடிங்க"ன்னு விட்டா குடிக்க மாட்டாங்க. மோர்ல உப்பு போட்டு 11 மணிக்குக் கொடுங்க.

ஓஆர்எஸ்ல எல்லாரும் பண்ற தப்பு, பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர்ல கலக்கிக் கொடுக்குறது. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, எழுதியிருக்கதைப் பாத்து கலக்குங்க, திக்கா கொடுத்தா இன்னும் மோசமாகும். பாக்கெட் தீர்ந்துருச்சுன்னா ஒரு லிட்டர் நல்ல தண்ணில தலைதட்டின 6 டீஸ்பூன் சக்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

தலைவலி, வாந்தி, சோர்வுன்னா நிழல்ல படுக்க வச்சு குடிக்கக் கொடுங்க. உடம்பு கொதிக்குது, பேச்சு உளறுது, ஆளைத் தெரியலைன்னா உடனே 108, வர்ற வரைக்கும் உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, நினைவில்லாத வாய்ல எதையும் ஊத்தாதீங்க. அதுக்கு ஜெபம் பண்ணிக்கிட்டே தண்ணி ஊத்தலாம், ஜெபம் பண்ணி முடிச்சுட்டு ஊத்தலாம்னு இருக்காதீங்க.

8. தனியா பேசுறது

இதுக்குத்தான் உங்களை கூப்பிட்டிருக்காங்க, அதுனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

மொதல்ல இடம். எல்லார் கண்ணுக்கும் தெரியணும், யார் காதுக்கும் கேக்கக்கூடாது. வேப்பமரத்தடி, முன் திண்ணை, முற்றத்தோட ஒரு ஓரம், இந்த மாதிரி. கதவு சாத்துற ரூம் வேண்டவே வேண்டாம், சர்ச்சுல ஐயர் அங்கி மாத்துற வெஸ்ட்ரி ரூமும் வேண்டாம், அது பிள்ளைக்கும் பாதுகாப்பு உங்களுக்கும் பாதுகாப்பு. பொம்பளப் பிள்ளைகிட்ட அக்காதான் பேசணும், அண்ணன் இல்ல. இன்னொரு கவுன்சிலர்கிட்ட "நான் அங்க பேசிட்டு இருக்கேன்"னு சொல்லிட்டுப் போங்க.

நேரம். நீங்க கூப்பிட்டு "உனக்கு என்ன பிரச்சனை?"ன்னு கேட்டா ஒண்ணும் வராது, "ஒண்ணும் இல்லண்ணே"ம்பான். ஏதாவது ஒரு வேலை பாத்துக்கிட்டே பேசும்போதுதான் வரும். பாய் சுருட்டும்போது, தட்டு கழுவும்போது, பந்து தேடிப் போகும்போது. நான் வேணும்னே தட்டு கழுவுற டியூட்டிய கேட்டு வாங்கிக்குவேன், பக்கத்துல பக்கத்துல நின்னு குழாயைப் பாத்துக்கிட்டே பேசலாம், மூஞ்சியைப் பாக்க வேண்டியதில்ல.

ஆரம்பத்துல வர்றது நிஜ விஷயமா இருக்காது. "படிப்பு ஏறல", "ஃபிரண்டு பேச மாட்டேங்கிறான்" இப்படி ஒண்ணு வரும். உங்களை சோதிச்சுப் பாக்குறான், இவன் பிரசங்கம் பண்ணுவானா, கேப்பானான்னு. இங்கதான் புதுசா வர்றவங்க கவுந்துருவாங்க, மொத வாக்கியம் முடியறதுக்குள்ள ஒரு வசனம், கூடவே "நான் உன் வயசுல இருந்தப்போ"ன்னு ஒரு சாட்சி. அதோட அவன் மூடிக்குவான். நீதிமொழிகள் 18:13 எடுத்துப் பாருங்க, கேக்குறதுக்கு முன்னாடி பதில் சொல்றவனை அது புத்தியில்லாதவன்னுதான் சொல்லுது. யோபுவோட கூட்டாளிங்க ஏழு நாள் தரையில சும்மா உக்காந்திருந்த வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, வாயத் திறந்த பிறகுதான் கெட்டுச்சு.

அவன் சொன்னதையே அவன் வார்த்தைலயே திருப்பிச் சொல்லுங்க. "அப்பா போன்ல உன்னை கேக்கவே மாட்டேங்கிறாரு, மார்க்கை மட்டும்தான் கேக்குறாரு, அப்படியா?" அவ்வளவுதான். அதுக்கு அப்புறம் வாய மூடிக்கிட்டு இருங்க, அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடமா இருக்கும், அவனுக்கு இல்ல. இந்தப் பக்கத்துப் பிள்ளைங்ககிட்ட நான் அதிகம் கேட்டது, வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற அப்பா, அவர் வந்து ஒரு மாசம் வீட்டுல இருக்கும்போது வர்ற சண்டை, அவர் கிளம்பின பிறகு வர்ற குற்ற உணர்ச்சி. இதுக்கு நீங்க தீர்வு சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம்.

பிள்ளை சாப்பிட்டுச்சா, தூங்குச்சான்னு பாருங்க. எலியா சூரைச்செடிக்குக் கீழ படுத்துக்கிட்டு சாகணும்னு கேட்டப்போ தூதன் பிரசங்கம் பண்ணல, அடையும் தண்ணியும் கொடுத்து தூங்க விட்டாரு, ரெண்டு தடவை. பாதிப் பிரச்சனை ராத்திரி 12 மணிக்கு உலகம் முடிஞ்ச மாதிரி இருக்கும், காலைல பொங்கல் சாப்பிட்ட பிறகு பேசக்கூடிய அளவுக்கு வந்துரும்.

முடிக்கும்போது "உனக்காக ஜெபிக்கவா?"ன்னு கேளுங்க, வேண்டாம்னா விட்டுருங்க. தலைல கை வைக்கிறதுக்கும் கேளுங்க. நோட்டுல பேரு எழுதாதீங்க, உங்களுக்கு மட்டும் புரியிற மாதிரி ஒரு எழுத்தும் தேதியும் போதும், அந்த நோட்டு உங்க பையில, பை உங்க தலைமாட்டுல.

பிள்ளை சொன்னதை சாயங்கால மீட்டிங்ல ஜெப விண்ணப்பமா சொல்றது இருக்கே, அதை மட்டும் பண்ணிராதீங்க. பேர் சொல்லலைன்னாலும் இருவது பேர் இருக்க கேம்ப்ல யார்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் ஆகாது.

9. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சொல்லாதீங்க

என் மொத வருஷம், ஒரு பையன் "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"ன்னு கேட்டான், நானும் சத்தியம்னுட்டேன். அவன் சொன்ன விஷயம் நான் சொல்லியே ஆகவேண்டிய விஷயம். சொன்னேன். அவனுக்கு உதவி கிடைச்சுச்சு, ஆனா என்னை மறுபடி நிமிந்து பாக்கல, இன்னொரு பெரியவங்களை அவன் நம்ப எத்தனை வருஷம் ஆச்சோ. தப்பு சொன்னதுல இல்ல, சத்தியம் பண்ணதுல.

இப்போ நான் சொல்றது இது: "நீ சொல்றதை ஊரெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனா உன் உசுருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பா தொடுறாங்க அடிக்கிறாங்கன்னாலோ, உன்னைக் காப்பாத்த நான் ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குச் சொல்லிட்டுதான் சொல்லுவேன்." இதைக் கேட்டு பின்வாங்குவாங்கன்னு பயப்படாதீங்க, பெரும்பாலும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு சொல்லுவாங்க.

18 வயசுக்குக் கீழ இருக்க பிள்ளை மேல பாலியல் அத்துமீறல்னு தெரிஞ்சா, 2012 போக்சோ சட்டம் 19வது பிரிவுப்படி தெரிஞ்ச ஆள் போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சொல்லாம விட்டா 21வது பிரிவுப்படி ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். "ஐயர்கிட்ட சொல்லிட்டேன், அவர் பாத்துக்குவாரு"ங்கிறது போதாது, உங்களுக்குத் தெரிஞ்சுருச்சுல்ல, அப்போ உங்க பொறுப்பு. சபை மானம், குடும்ப மானம், பொண்ணு வாழ்க்கைன்னு பேச ஆரம்பிப்பாங்க, அந்தப் பேச்சுல உக்காராதீங்க. நல்லெண்ணத்துல தகவல் சொல்றவங்க மேல கேஸ் வராதுன்னு அதே 19வது பிரிவுலயே இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலைன்னா குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு அடிங்க.

பிள்ளைகிட்ட துருவித் துருவி கேக்காதீங்க, விசாரிக்கிறது உங்க வேலை இல்ல. சொன்ன வரைக்கும் கேட்டு, "சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல"ன்னு சொல்லி, அன்னிக்கே அது சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வச்சுக்கங்க. போலீஸ்னா பிள்ளைக்குப் பயமா இருக்கும், ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போக மாட்டாங்க, வீட்டுலயோ பிள்ளை கேக்குற இடத்துலயோ முடிஞ்ச வரைக்கும் பொம்பள எஸ்ஐ யூனிஃபார்ம் இல்லாம வந்துதான் எழுதணும்னு சட்டத்துல இருக்குன்னு சொல்லுங்க. குத்தம் சாட்டப்பட்ட ஆள் கேம்ப்லயே இருந்தா, உங்க டீம் ஆளாவே இருந்தாலும், அன்னிக்கே பிள்ளைங்க இருக்க இடத்தை விட்டு வெளில. மீட்டிங் போட்டு யோசிக்கிறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

10. ரிசல்ட் வர்ற நாள்

கேம்ப் நடுவுல ரிசல்ட் வந்தா அன்னிக்கு காலை செஷனை ரத்து பண்ணிருங்க. பரீட்சை எழுதின பிள்ளைங்க லிஸ்ட்டை முன்னாடியே எடுத்து ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெரியவங்களை பக்கத்துல நிறுத்துங்க. ஒருத்தர் போன்ல எல்லார் ரிசல்ட்டையும் பாத்து சத்தமா வாசிக்கிற கூத்து வேண்டாம். 490 வாங்கினவனுக்கு கைதட்டிட்டு இருக்கும்போது பெயிலான பிள்ளை கக்கூஸ் பக்கம் போயிருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

பெயிலான பிள்ளைகிட்ட "கர்த்தருக்கு வேற திட்டம் இருக்கு"ன்னு ஆரம்பிக்காதீங்க. துணைத் தேர்வு உடனே வருது, இந்த வருஷமே அடுத்த வகுப்புல சேரலாம்ங்கிற தகவலைச் சொல்லுங்க, பக்கத்துலயே இருங்க. வீட்டுக்கு மொதல்ல நீங்க போன் போட்டு, "பிள்ளை எங்ககூடதான் இருக்கு, இப்போ திட்டாதீங்க"ன்னு சொல்லிட்டு அப்புறம் போனைக் கொடுங்க.

மூஞ்சி இருண்டு போய் பேச்சே இல்லைன்னா நேரா கேளுங்க, "செத்துரலாம்னு தோணுதா?" கேட்டா அந்த நினைப்பு வந்துரும்னு பயப்படுவாங்க, அப்படி வராது, யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கும். ஆமான்னு சொன்னா ஒரு நிமிஷம் கூட தனியா விடாதீங்க, மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ் இருக்கு, 104 மருத்துவ உதவி நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், பக்கத்துல உக்காந்து அடிச்சுக் கொடுங்க, அன்னிக்கே வீட்டுப் பெரியவங்களை வரச் சொல்லுங்க. பயிர் மருந்து, மாத்திரை எல்லாத்தையும் பூட்டி சாவியை வேற வீட்டுல வைக்கச் சொல்லுங்க, இதை வெளிப்படையா சொல்லியே ஆகணும், வெக்கப்படாதீங்க. ஜெபம் மட்டும் பண்ணி அனுப்பி வைக்கிற விஷயம் இல்ல இது, டாக்டர்கிட்ட போகணும்.

11. கடைசி ராத்திரி

கேம்ப் ஃபயர், மெதுவா ஒரு பாட்டு, இயேசுவுக்கு வாழ்க்கையை ஒப்புக்கொடுக்கிறவங்க முன்னாடி வாங்கன்னு ஒரு அர்ப்பணிப்பு அழைப்பு. ஒரு பிள்ளை அழ ஆரம்பிச்சா வரிசையா எல்லாம் அழும். நாலு நாள் சரியாத் தூங்காத உடம்பு, நாளைக்குப் பிரியப் போறோம்ங்கிற நினைப்பு, எல்லாம் சேந்துதான் அந்த அழுகை. அதுக்குள்ள நிஜமான மனமாற்றமும் இருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லல, என் சொந்தக் கதையே அப்படி ஒரு ராத்திரிதான். ஆனா அன்னிக்கு ராத்திரி தீர்மானக் கார்டுல கையெழுத்து வாங்கி எண்ணிக்கை எழுதாதீங்க. காலைல சாப்பிட்ட பிறகு, "நேத்து எடுத்த தீர்மானத்தைப் பத்தி யாராவது பேசணுமா?"ன்னு கேளுங்க, அப்போ வர்றவங்கதான் வந்தவங்க.

பேசணும்னு நாலு நாளா யோசிச்ச பிள்ளை கிளம்புற அன்னிக்கு, பையைத் தூக்கினதுக்கு அப்புறம்தான் வரும். அதுக்குத்தான் டிக்கெட்டை மறுநாளைக்குப் போடச் சொன்னது.

12. கைமாத்தி விட்டுட்டு கிளம்புங்க

மொத ஸ்டெப்ல கேட்ட உள்ளூர் அக்காவையும் அண்ணனையும் மூணாவது நாளே கேம்ப்புக்குள்ள வர வச்சு, தட்டு கழுவுற இடத்துல பிள்ளைங்ககூட நிக்க வைங்க. உங்ககிட்ட பேசின பிள்ளைகிட்ட தனித்தனியா கேளுங்க: "இதை அந்த அக்காகிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீயே சொல்றியா, இல்ல மூணு பேரும் சேந்து உக்காரலாமா?" வேண்டாம்னா, ஆபத்தான விஷயமா இல்லாத வரைக்கும், விட்டுருங்க. "இந்தப் பிள்ளையை அப்பப்போ விசாரிங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு வாங்க, காரணம் சொல்ல வேண்டாம்.

உங்க நம்பரைக் கேப்பாங்க, இன்ஸ்டா ஐடி கேப்பாங்க. கொடுக்காதீங்க. ராத்திரி 11 மணிக்கு உங்களுக்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவுல மட்டும் மெசேஜ் போறது எவ்வளவு நல்ல மனசுல இருந்தாலும் சரியா வராது, உங்க வேலையும் குடும்பமும் அதுக்கு இடம் கொடுக்காது, பதில் வராத நாள் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பா போனை எடுக்காத மாதிரி ஆகிடும். சபை குரூப் ஒண்ணு, அதுல உள்ளூர் ஆள், பெத்தவங்க எல்லாரும் இருக்கணும், அதுல பேசிக்கங்க. பிள்ளைங்க மூஞ்சி தெரியிற போட்டோவை உங்க ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அழுதுட்டு ஜெபிக்கிற போட்டோ கூடவே கூடாது.

ஊருக்கு வந்து ரெண்டு நாள் தூங்குங்க. நோட்டுல இருக்க எழுத்துகளை வச்சு ஜெபிச்சு முடிச்சதும் அந்தப் பக்கங்களைக் கிழிச்சு எரிச்சுருங்க, போலீசுக்குத் தேவைப்படுற பக்கம் தவிர. ஜூன்ல ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் ஆனதும் உள்ளூர் அக்காவுக்கு ஒரு போன் போடுங்க, பிள்ளைக்கு இல்ல, அக்காவுக்கு. "எல்லாம் நல்லா இருக்காங்க தம்பி"ன்னு பொதுவா சொன்னா விட்டுராதீங்க, ஒவ்வொரு பேரா சொல்லி, ஸ்கூலுக்குப் போகுதா, ஞாயித்துக்கிழமை வருதா, கடைசியா எப்போ பாத்தீங்கன்னு கேளுங்க. யாரையாவது பாக்கவே இல்லைன்னு சொன்னா இந்த வாரம் ஒரு தடவை வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லி, அடுத்த ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மறுபடி அடிங்க.